பத்தடி தள்ளி நின்றவர்

பச்சை மஞ்சளும் வேப்பிலையும் அம்மியில் சேர்ந்து நசுங்கும் வாசனை. ஓசூரில் நான் குடியிருக்கும் வரிசை வீட்டில், நேற்று மத்தியானம், நடுச்சுவரைத் தாண்டி அது வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து கம்பெனியில் லேத் ஓட்டுகிறவரின் குடும்பம். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. சின்னம்மைதான், பெரியது உலகத்தை விட்டே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. அந்த மனிதர் சைக்கிளை எடுத்தார், நிறுத்தினார், உள்ளே போனார், வெளியே வந்து மறுபடி எடுத்தார். ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் நான்கு தடவை கேட்டது. பிறகு தெரு அமைதியாகிவிட்டது. போனாரா, இருந்தாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது.

அந்த வாசனைக்கு மாரியம்மன்தான் நினைவுக்கு வர வேண்டும். எனக்கு வருவது ஒரு பாய்.

கிருஷ்ணகிரிக் கடைத்தெருவில் நின்று பாய் என்று கூப்பிட்டால் அந்த நாளில் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவரைக் கப்பல் பாய் என்றார்கள். ஐம்பதுகளின் நடுவில் நான் அவரோடு பழகியபோது அவர் கப்பலை விட்டு இறங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உலகச் சண்டைக்கு முன்பே சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். அஞ்செட்டி மலைகளிலிருந்து வரும் புளிக்குத் தரகு பார்த்தார். புளி மண்டியின் மாடியில் ஒற்றை அறை. கீழே நான். சிப்பங்களின் மேல் மை தொட்டு ஊர்ப்பேரும் அடையாளமும் எழுதுகிற வேலை எனக்கு. நாள் முழுவதும் பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை நீக்குவார்கள். அந்தத் தட்டல் நின்றால்தான் பாய் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்கும். கட்டம்போட்ட கைலி, அரைக்கைச் சட்டை, மழையோ வெயிலோ ஒரு கறுப்புக் குடை.

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போகிறவர்கள் எல்லாரும் அவரிடம் வந்தார்கள். அவர் ஏஜெண்டு அல்ல. ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. ஆனால் அவரிடம் காட்டாமல் போனால் பயணத்தில் ஏதோ ஒரு முடிச்சு போடாமல் விட்ட மாதிரி ஊரில் ஓர் எண்ணம் இருந்தது. வந்தவன் பாஸ்போர்ட்டை நீட்டுவான். அம்மை குத்திய சீட்டை நீட்டுவான். காலரா ஊசிக்கு விழுந்த முத்திரையைக் காட்டுவான். பாய் ஒவ்வொன்றையும் மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்து, வந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

"எல்லாம் சரியா இருக்குது. அங்க படுத்துட்டா, பக்கத்துல யாரு?"

ஒருமுறை லாரி ஷெட்டில் வேலை செய்த ஒரு மெக்கானிக் மார்பை விரித்துக்கொண்டு பதில் சொன்னான். "எம் மச்சினன் இருக்கறான் பாய்."

"எங்க?"

"சிங்கப்பூர்லதான்."

"சிங்கப்பூர்ல எங்க?"

"ஆர்பர்ல. கப்பல்ல சரக்கு எறக்கறான்."

"எத்தினி மணிக்கு வேல விட்டு வருவான்? நீ எங்க தங்குவ? நடுவுல எத்தினி தூரம்?"

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் சிப்பத்தைப் பார்த்தேன்.

"சரி, அத உடு. மழை பேஞ்சா வருவானா?"

"அது... எழுதிக் கேக்கறன் பாய்."

"கேளு. நாலு மணிக்கு அங்க தெனமும் மழை பேயும்."

அந்த ஊரைப் பற்றி அவர் ஆசையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. வெறுப்பாகவும் சொன்னதில்லை. பழகிய ஒரு மாட்டைப் பற்றிப் பேசுவது போல, எங்கே உதைக்கும் என்று மட்டும் சொல்வார். "அங்க வெயில் அடிக்காது தம்பி, அவிக்கும். நனஞ்ச பனியன அப்பிடியே காய உட்டீனா மறுநா படுக்கைதான். கொதிக்காத தண்ணி ஆவாது. வெட்டி வெச்ச பழம் ரோட்டோரமா கண்ணப் பறிக்கும், பாத்துட்டுப் போய்கினே இரு. கொசுவலை அங்க கெடைக்கும். அதக் கட்டற நாலு கயிறு இங்கருந்து கொண்டுட்டுப் போ. கயிறு கெடைக்காதுன்னு இல்ல. தேவப்படற நேரத்துக்குக் கெடைக்காது."

இப்படி எத்தனையோ பேர் கிருஷ்ணகிரிக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடல் தாண்டினார்கள்.

அவர் மட்டும் போகவில்லை. ஆனால் போகிறவரைப் போலவே வாழ்ந்தார். பாஸ்போர்ட்டைக் காலாவதியாக விடமாட்டார். அங்கே மறுபடி நுழைவதற்கான காகிதத்தை எழுதி எழுதிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். ஊசிபோடுகிறவர் மண்டித் தெருவுக்கு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். இடது புஜம் முழுவதும் வட்டம் வட்டமாகத் தழும்பு.

"பாய், கையில எடமே இல்லியே. எங்க குத்தறது?" என்றார் அந்த ஊசிக்காரர் ஒருநாள்.

"அந்தக் கையி சும்மாத்தான கெடக்குது."

"போற மாதிரியா? எப்பக் கப்பலு?"

"கப்பலு எப்பவும் இருக்குது. நீ குத்து."

புளி தட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "மாப்பிள்ளை ரெடி, பொண்ணுதான் இன்னும் கெடைக்கில" என்று ஒருத்தி பாடுகிற மாதிரி சொல்வாள். பாய்க்குக் கோபம் வராது. குடையை ஊன்றிக்கொண்டு மாடியேறிவிடுவார்.

பக்கத்தில் யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டவனுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். உறவில்லாத ஒரு நோயாளியின் பக்கத்தில் அவன் போய் உட்கார வேண்டும். நோய் எத்தனை நாளோ அத்தனை நாள். யாருக்கு முடியவில்லை என்பது பாய்க்கு எப்படியோ தெரிந்திருக்கும். இன்ன தெரு, இன்ன வீடு என்று அனுப்புவார். அந்த வீட்டார் வந்து, ஆமாம், இந்தப் பிள்ளை கடைசிவரை இருந்தான் என்று சொன்னால், சிங்கப்பூருக்கு ஒரு கடுதாசி எழுதிக் கையில் கொடுப்பார். கடுதாசியில் இரண்டே வரி. இவன் உட்கார்ந்தவன். இவன் படுத்தால் நீ உட்கார். அதைப் பெறுகிறவனும் முன்னொரு நாள் இங்கே எவன் பக்கத்திலோ உட்கார்ந்துவிட்டுப் போனவனாக இருப்பான். அதனால் மறுக்கமாட்டான். ஆஸ்பத்திரியும் மருந்தும் பணம் இருந்தால் கிடைத்துவிடும் என்பது பாயின் கட்சி. அவருடைய கடுதாசி வேறொன்றுக்கு.

"உக்காந்து நான் என்ன பண்ணணும் பாய்?" என்று ஒவ்வொருவனும் கேட்பான்.

"ஒண்ணும் பண்ணாத. பேசாத. தண்ணி கேட்டாக் குடு. அவன் கண்ணத் தொறக்கறப்ப நீ தெரியணும். அவ்ளோதான் வேல."

இதில் எல்லாரையும் உறுத்திய ஒன்று உண்டு. இவ்வளவு பேரை உட்காரவைத்த பாய் தான் ஒரு நோயாளியின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. பாரூரில் ஒரு கரும்புக்காரர், அவருக்கு நெருங்கிய சிநேகிதர், குளிர்க்காய்ச்சலில் கிடந்தார். பாய் காலை பஸ்ஸில் போனார். நானும் மண்டி வேலையாகக் கூடப் போயிருந்தேன். வீடு ஏரிக் கால்வாயின் ஓரம். பாய் வாசலுக்குப் பத்தடி தள்ளி, கால்வாய்க் கரையில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். வீட்டு அம்மாள் வெளியே வந்து, "உள்ள வாங்க பாய், உங்களத்தான் கேட்டுகினே இருக்காரு" என்றாள். பாய் நகரவில்லை. அங்கிருந்தபடியே, "கஞ்சி எறங்குதா? வேர்த்துதா? நேத்துக்கு இன்னிக்கு எப்பிடி?" என்று சத்தமாகக் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பலவீனமான குரல், "ஓய், உள்ள வந்தா முழுங்கிடுவனா?" என்றது. பாய் கால்வாயைப் பார்த்துச் சிரித்தார். சாயங்கால பஸ் வரும்வரை அந்தப் பத்தடி குறையவே இல்லை.

சாவுக்குப் பயந்தவர் என்றார்கள். ஏதோ சத்தியம் செய்திருக்கிறார் என்றார்கள். என் அக்கா சொன்னது வேறு. "ஊருக்கெல்லாம் உபதேசம். தான்னு வந்தா கொடை விரிச்சிகினு தெருவுல நிக்கற ஆளு." அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது.

அக்கா புருஷன், என் மாமா, சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனபோது பாயிடம் போகவில்லை. "ஊசி போட்டாச்சு, டிக்கெட்டு எடுத்தாச்சு. எவன் வீட்டுலயோ போயி வெசிறிகினு உக்கார நான் என்ன ஆயாவா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷம் கடிதமும் பணமும் ஒழுங்காக வந்தன. பிறகு அங்கே கூட வேலை செய்த யாரோ ஒரு தமிழர் எழுதிய கடிதம் வந்தது. மாமா கப்பலின் அடித்தட்டில் விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். இப்போது கூலிக்காரர்கள் தங்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். யாராவது வந்தால் நல்லது.

அந்தக் கடைசி வரியை அக்கா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். என்னை விட்டால் போக ஆண்துணை கிடையாது. எனக்கு இருபத்தாறு வயது. காகிதங்களுக்கு அலைந்து, கப்பலில் மேல்தட்டில் ஓரிடம் பிடித்து, ஊசி போட்டு, காய்ச்சல் வந்து, தழும்பு காய்ந்து, எல்லாம் முடிய ஐந்து வாரம் ஆகிவிட்டது. கப்பலுக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தபோது பாயிடம் போனேன்.

கடிதத்தை அவர் படித்தார். நெடுநேரம் மூக்குக்குக் கிட்டேயே வைத்திருந்தார்.

"அங்க இருக்கற உங்க ஆளு ஒருத்தருக்கு ஒரு வரி எழுதிப்போடுங்க பாய். நான் போறவரைக்கும் மாமா பக்கத்துல இருக்கட்டும்."

"அவன் உக்காராமப் போனவனாச்சே."

"பாய்!"

"நான் எழுதலாம் தம்பி. எழுதினா அவன் உக்காரவும் உக்காருவான். அடுத்தவன் கேப்பான், நான் மட்டும் என்னாத்துக்கு உக்காந்தன்னு. அப்புறம் இந்தக் கடுதாசிக்கு அங்க ஒரு மதிப்பும் இருக்காது." கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தார். "நீ போறீல்ல? நீ அவனுக்கு உக்காரு. உனக்கு உக்கார ஆளுக்கு நான் எழுதறன். நாளைக்கே நாட்றாம்பாளையம் போ. நம்ம புளி வண்டிக்காரனுக்குக் காய்ச்சலு."

அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகக் கரையவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பில் ஊதுகுழலை வைத்து, ஊதாமல் உட்கார்ந்திருந்தாள்.

அஞ்செட்டிவரை பஸ். அதற்கப்பால் நடை. வண்டிக்காரரின் வீடு காட்டோரம், ராகிக் கொல்லைக்கு நடுவே. அவரை எனக்குத் தெரியும். மாதம் இரண்டு தடவை மண்டியில் சிப்பம் இறக்குவார். இறக்கும்போதெல்லாம், "எம் பேர எழுதாத, எம் மாட்டுப் பேர எழுதுப்பா, அதுதான் இழுத்துகினு வந்துது" என்பார். இப்போது கயிற்றுக் கட்டிலில் முதுகைக் காட்டிக் கிடந்தார். அவர் மனைவி கன்னடம் கலந்து பேசுகிறவள். "என்னம்மா இது?" என்றேன். "ஜ்வராண்ணா. சும்மாக் காய்ச்சலு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விசிறினேன். தண்ணீர் கொடுத்தேன். முதல் நாள் அவர் என்னை மாடு என்று நினைத்து அதட்டினார். இரண்டாம் நாள் இடுப்பு வலிக்கிறது என்று அழுதார். மூன்றாம் நாள் காலை அவர் நெற்றியில் கடுகு தூவியது போல ஏதோ கிளம்பியிருந்தது. அவர் மனைவி ஓடிவந்து பார்த்தாள். அவள் பயப்படவில்லை. கட்டிலை நோக்கிக் கும்பிட்டாள். வெளியே போய் வேப்பிலைக் கொத்தொடித்து வந்து வாசலில் செருகினாள். மஞ்சளும் வேப்பிலையும் அம்மியில் நசுங்கத் தொடங்கின.

முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முத்து வெளியே தெரிவதற்கு முன்னால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். சொன்னால் கோபித்துக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுவாளாம். அந்த மரியாதைக்காக எனக்குச் சும்மாக் காய்ச்சல் என்றாள். வேப்பிலை செருகிவிட்ட வீட்டிலிருந்து, மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றும்வரை, உள்ளே இருக்கிறவர் படி தாண்டக் கூடாது.

"மூணாந்தண்ணி எப்பம்மா?"

"ஆத்தா எப்ப எறங்கறாளோ அப்ப. இருவது நாளு ஆவும், கூடவும் ஆவும்."

கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் விடிந்து, அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தபோது எழுந்தேன். வண்டிக்காரர் கண்ணை மூடியிருந்தார். இமையிலும் முத்து. நான் விசிறியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். என்ன யோசித்து அப்படி வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கையால் அவர் எதையும் எடுக்க முடியாது. வேப்பிலைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் தப்பு செய்கிற மாதிரி இருக்குமே என்று நடந்தேன்.

மண்டிக்கு வந்தபோது பாய் படியில் உட்கார்ந்திருந்தார். நான் முகம் கழுவி வேறு சட்டை போட்டிருந்தேன். பக்கத்தில் போனேன். அவர் மூக்கு அசைந்தது. எழுந்தார். குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனார். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணாமலே பத்தடி ஆயிற்று.

"யாருக்கு அம்மை?"

நான் என் கையை முகர்ந்து பார்த்தேன்.

"வண்டிக்காரனுக்கா? தண்ணி ஊத்தியாச்சா?"

"எனக்குக் கப்பலு இருக்குது பாய். ஊசி போட்டிருக்கன். சீட்டுல டாக்டர் கையெழுத்து இருக்குது. எனக்கு ஒண்ணும் வராது."

"வராம இருக்கலாம். வந்துட்டா? நடுக்கடல்ல வந்துட்டா? கப்பல்ல நோவு இருக்குதுன்னு மஞ்சக் கொடி ஏத்திடுவான். கப்பல் பூராவும் தீவுல எறக்கி அடைச்சிடுவான். அதுல எத்தினி பேருக்காவ எவன் எவன் கண்ணத் தொறந்து பாத்துகினு கெடக்கறானோ. உங்க மாமன் மட்டுந்தானா?"

"அப்ப மாமா?"

புளி தட்டும் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் எனக்கு ஏதோ உடைந்தது.

"உங்களுக்கென்ன பாய்? நீங்க யாரு பக்கத்துலயாவது உக்காந்துருக்கறீங்களா? அந்தாளு ஒடம்பு பூரா முத்து. கிட்ட இருந்தாத் தெரியும். பத்தடி தள்ளி நின்னு கொடை புடிக்கறவருக்கு என்ன தெரியும்?"

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு கிழவி, "ஏம்ப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பாய் குடையை மடித்தார். மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து பொத்தான் போட்டார். அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் குடை மடித்து நான் பார்த்ததில்லை. மாடியேறிப் போனார். திரும்பி வந்தபோது கையில் தகரப் பெட்டி.

"உண்டு" என்றார். "ஒருத்தன் பக்கத்துல உக்காந்துருக்கறன். பாதிவரைக்கும்."

வேறு ஒன்றும் விளக்கவில்லை. நான் அங்கேயே நிற்க வேண்டும், யார் பக்கத்திலும் போகக் கூடாது என்றார். மண்டியில் ஆளைப் பிடித்துச் சென்னைக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். என் இடத்தை அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி. அக்காவிடம் மாமா தங்கியிருக்கும் விலாசத்தை வாங்கிவர ஒரு பெண்ணை அனுப்பினார். அவருடைய காகிதங்கள் எல்லாம் உயிரோடிருந்தன. ஊசிச் சீட்டில் மை இன்னும் புதிதாக இருந்தது. இருபது வருஷமாக ஊர் சிரித்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் உபயோகத்துக்கு வந்துவிட்டது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்குத் தெம்பிருக்காது.

பாய் சொல்லி நான் நாட்றாம்பாளையத்துக்குத் திரும்பிப் போனபோது வண்டிக்காரருக்குக் கண் திறக்க முடியவில்லை. காலடியைக் கேட்டு, "வந்துட்டியா? மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றார். நான் போனதே அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவர் மனைவிக்குத் தெரியும். கஞ்சிக் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றுதான், "அண்ணா, தலைக்கு ஊத்திக்கோ" என்று ஒரு சொல் பேசினாள். வண்டிக்காரர் பிழைத்தார். முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் பூ. எனக்கு ஒன்றும் வரவில்லை.

மாமா மூன்றரை மாதம் கழித்து வந்தார். ஊன்றுகோலில், தாடியோடு. அதற்கு ஒன்றரை மாதம் முன்பே வந்திருக்க வேண்டியவர். கப்பலைத் தவறவிட்டுவிட்டதாக எழுதியிருந்தார். அக்கா அந்த ஒன்றரை மாதமும் பாயைத் திட்டித் தீர்த்தாள். வந்த மாமா கையில் அந்தக் கறுப்புக் குடை இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

மாமாவுக்குப் பேச்சு அதிகம் கிடையாது. விட்டு விட்டுச் சொன்னார். பாய் அந்த அறைக்கு வந்த முதல் நாள் வாசலில் நெடுநேரம் நின்றாராம். மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி மழை. நனைந்துகொண்டே நின்றவர், பிறகு குனிந்து உள்ளே வந்துவிட்டார். கிருஷ்ணகிரிக் கயிற்றில் கொசுவலை கட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தார். இருபத்திரண்டு நாள் நகரவில்லை. "கண்ணத் தொறந்தா அந்தாளு மூஞ்சிதான் மாப்ள. எனக்கே சலிச்சிப்போச்சி." மாமா எழுந்து உட்கார்ந்த வாரம் பாய் படுத்தார். என்ன காய்ச்சலோ, ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள், மாமாவுக்கு அது நினைவில்லை. கப்பல் வந்தது. மாமா ஏறவில்லை. ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், உடைந்த இடுப்போடு. விசிறினார். ஆயா வேலை.

"காய்ச்சல்ல யாரோ ஒருத்தன் பேரச் சொல்லிகினே இருந்தாரு மாப்ள. நம்ம ஊர்ப் பேரு இல்ல. கப்பல் வந்துருச்சிடா, நான் என்ன பண்ணட்டும், கைலிய உடு, கைலிய உடுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாளு சாயங்காலம் கண்ணத் தொறந்து என்னப் பாத்தாரு. நல்லாத் தெளிவாப் பாத்தாரு. நான் இருந்தன்."

அவ்வளவுதான் சொன்னார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்த அறைக்கு முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் வந்தார்களாம். எல்லாரும் கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணத்துக்காரர்கள். எல்லாரும் உட்கார்ந்தவர்கள். மாமா அவர்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டதை அவர் சொல்லவில்லை.

பாய் தகரப் பெட்டியோடு இறங்கிவந்த அன்று நான் மண்டி வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பஸ்ஸில் ஏற பாய் விடவில்லை. அஞ்செட்டிக்குக் காலியாகத் திரும்பும் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி, "பின்னால உக்கார வெச்சிக்கோ, நீ முன்னால இரு, பேச்சுக் குடுக்காத" என்று வண்டியோட்டியிடம் சொன்னார். அவன் ஏற்கனவே அம்மை வார்த்து எழுந்தவன். அதையும் கேட்டுக்கொண்டுதான் ஏற்றினார்.

வெயில் சாய்ந்திருந்தது. ரயிலைப் பிடிக்க ஜோலார்பேட்டைக்குப் போகும் பஸ் தெருமுனையில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் பலகையில் தட்டிக்கொண்டே இருந்தான். பாய் தகரப் பெட்டியை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடித்து, எனக்குப் பத்தடி தள்ளி நின்றார். இடுப்பில் கைலிக்கு மேலே நாலு கயிறும் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாக வெளியே வரவில்லை.

சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு தூரத்துக்குக் கத்தி மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. வண்டி அசைந்தது. வாயில் வந்தது அவருடைய கேள்விதான்.

"பாய், அங்க படுத்துட்டா, உங்களுக்குப் பக்கத்துல யாரு?"

அவர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அதை அவரிடம் திருப்பிக் கேட்டதில்லை போலிருக்கிறது. பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தெருவெல்லாம் கேட்கும்படி, பாரூர்க் கால்வாய்க் கரையில் கேட்ட அதே உரத்த குரலில் சொன்னார்.

"உங்க மாமன் இருக்கறான்ல. எவன் மொதல்ல எழுந்து உக்கார்றானோ, அவன் மத்தவனுக்கு. நீ வண்டிய வெரசா உடச் சொல்லு. அந்தாளு கண்ணத் தொறக்கறப்ப நீ தெரியணும்."